கூட்டம் என்றால் பயமா?

என் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். நிறையப் படித்தவர். என் கதையில் ஒரு சந்திப் பிழை இருந்தால்கூட அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். அவ்வளவு அக்கறை என்மீது. அந்த அக்கறையின் பேரில்தான் அவர் என்னைக் கோபித்துக்கொண்டார். நான் செய்த குற்றம் இது: 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கல்கத்தாவுக்குப் போயிருந்தபோது, என்னுடைய பத்து வயசுப் பெண்ணை ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் நடந்த கால்பந்தாட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். (கொல்கத்தா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், என் வாய்க்குப் பழகியது கல்கத்தாதான். வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.)

"ஏன் ஓய், உமக்குக் கொஞ்சமாவது யோசனை உண்டா?" என்று ஆரம்பித்தார் நண்பர். "இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்கு அடித்துக்கொள்வதைப் பார்க்க ஒரு நாளைப் பாழாக்கினீர். அது போகட்டும். காலரியில் உட்கார்ந்திருக்கிறவன் பேசுகிற பேச்சு ஒரு பெண் குழந்தை காதில் விழலாமா? அதுவும் போகட்டும். அதே ஊரில், அதே இரண்டு கட்சிகளும் ஆடின ஆட்டத்தில், 1980-ல் பதினாறு பேர் செத்தார்களே, தெரியாதா உமக்கு? குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் யாரைச் சொல்வது? அழைத்துப் போன தகப்பனைத்தானே சொல்ல வேண்டும்?"

முதல் இரண்டையும் கேட்டுச் சிரித்தேன். கடைசிக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஆகவே மூன்றுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவருக்கு மட்டும் உரிய பதில் அல்ல இது. நம்மில் பாதிப்பேர், அதாவது மாதச் சம்பளம் வாங்கி, வாடகை கொடுத்து, குழந்தையை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம் என்று பெருமூச்சு விடுகிற நாம், நண்பர் கட்சிதான் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்தில் என் தங்கை குடியிருக்கிறாள். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற பேட்டை அது. ஆகஸ்டு 12, சனிக்கிழமை. டுராண்ட் கோப்பையில் அன்று இந்த இரண்டு கட்சிகளும் மோதுகின்றன. 1888-ல் சிம்லாவில் வெள்ளைக்காரப் பட்டாளத்தார் ஆடுவதற்கென்று தொடங்கிய கோப்பை. ஆசியாவிலேயே இதைவிடப் பழைய கால்பந்துப் போட்டி கிடையாது. தங்கை வீட்டு மாப்பிள்ளை யாரிடமோ சொல்லி இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். ஒன்று எனக்கு, ஒன்று தமக்கு என்பது அவர் எண்ணம். அவருக்கு அன்று திடீரென்று அலுவலக வேலை வந்துவிட்டது.

"நானும் வரேன் அப்பா" என்றாள் என் பெண்.

"அண்ணா, இவளையா?" என்றாள் தங்கை. "ஒரே ஆம்பிளைக் கூட்டமா இருக்குமே! நான் பதினாலு வருஷமா இந்த ஊரிலே இருக்கேன். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லே."

தங்கை இதைச் சொல்லி முடிப்பதற்குள் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பதினாலு வருஷம் எட்டிப் பார்க்காததை ஒரு பெருமையாகத் தங்கை சொன்னாள். எனக்கு அது பரிதாபமாகப் பட்டது. உடனே கிளம்பிவிட்டேன்.

சியால்தாவிலிருந்து மெட்ரோ ரயில். பெட்டி முழுதும் இரண்டே நிறக்கூட்டம்தான். சிவப்பும் மஞ்சளும் உடுத்தவர்கள் ஈஸ்ட் பெங்கால்; பச்சையும் அரக்கும் உடுத்தவர்கள் மோகன் பகான். ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோள்மீது ஒருவர் சாய்ந்துகொண்டு, ஒருவரை ஒருவர் கேலி செய்தபடி வந்தார்கள். சிவப்பு மஞ்சள் ஆசாமி ஒருவர் என் பெண்ணின் கையில் ஒரு ரிப்பனைக் கட்டிவிட்டார். "நான் எந்தக் கட்சி அப்பா?" என்று அவள் கேட்டாள். "இனிமேல் ஈஸ்ட் பெங்கால் போலிருக்கிறது" என்றேன். பெரியவர்கள் பலரும் தங்கள் கட்சியை இப்படித்தான் அடைகிறார்கள், ஒப்புக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு வழியிலேயே கதையைச் சொன்னேன். 1889-ல் தோன்றிய சங்கம் மோகன் பகான். 1911 ஜூலை 29-ஆம் தேதி, ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் அணிந்த ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாள அணியை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பறித்தார்கள். வெள்ளைக்காரனை ஓர் இந்தியன் நேருக்கு நேர் வெல்லலாம் என்பதை அந்த மைதானத்தில் கூடின ஜனங்கள் கண்ணாலே கண்டார்கள். ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்தது. கிழக்கு வங்காளத்துக்காரர்களின் சங்கம். பிரிவினையில் ஊரையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பிற்பாடு அதுவே ஊரும் வீடும் ஆயிற்று. அவர்கள் ஜெயித்தால் இலிஷ் மீன். மற்றவர்கள் ஜெயித்தால் இறால். மறுநாள் சந்தையில் எந்த மீன் விலை ஏறியிருக்கிறது என்று பார்த்தே ஆட்டத்தின் முடிவைச் சொல்லலாம் என்பது அந்த ஊர் வேடிக்கை.

"நாம சைவமாச்சே, அப்பா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சால்ட் லேக் மைதானத்தின் படிக்கட்டு இருட்டாக இருந்தது. ஏறி வெளியே வந்தால் கண்ணுக்கு முன்னால் திடீரென்று அத்தனை பச்சை! என் பெண் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். யாரும் அவளைத் தள்ளவில்லை. "முதல் தடவையா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். "பார்க்கட்டும், பார்க்கட்டும்" என்று அவர் பின்னால் வந்தவர்களைக் கைகாட்டி நிறுத்தினார். நண்பர் பயப்படுகிற அந்தக் 'கூட்டம்' என் குழந்தைக்கு முதன்முதலில் செய்த காரியம் இதுதான்.

இனி முதல் குற்றச்சாட்டு: ஒரு நாளைப் பாழாக்கியது.

வீட்டில் தொலைக்காட்சியில் இதையே இன்னும் தெளிவாகப் பார்க்கலாமே என்பார்கள். தொலைக்காட்சி பந்தைக் காட்டும்; மைதானம் ஆட்டத்தைக் காட்டும். பந்து இல்லாத இடத்தில் நிற்கிற பத்தொன்பது இருபது பேர் என்ன செய்கிறார்கள் என்பது நேரில் போனவனுக்குத்தான் தெரியும். ஒருவன் வெற்றிடத்தைத் தேடி ஓடுகிறான், பந்து வரவில்லை, திரும்பி நடந்து வருகிறான், மறுபடி ஓடுகிறான். இப்படிப் பத்துத் தடவை ஓடினால் ஒரு தடவை பந்து வரும். உழைப்பு என்பது பெரும்பாலும் யாரும் பார்க்காத ஓட்டம் என்பதை எந்த நீதிநெறிப் புத்தகம் இவ்வளவு நன்றாகச் சொல்லும்?

ஈஸ்ட் பெங்கால் அணியில் நந்தகுமார் சேகர் என்ற சென்னைப் பையன் ஆடினார். அவரைக் காட்டி, "நம்ம ஊர்க்காரர்" என்று சொல்லியிருந்தேன். அது போதாதா? என் பெண் அதற்கப்புறம் பந்தைப் பார்க்கவே இல்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம் அப்பா, அவர் அந்த ஓரத்திலேயே நிக்கறார். ஓடி ஓடிப் போறார். யாரும் அவருக்குப் பந்து தர மாட்டேங்கறாங்க" என்று முதல் பாதி முழுதும் அங்கலாய்த்தாள். இடைவேளையில் இரண்டு பக்கமும் கோல் இல்லை.

இடைவேளையில்தான் எனக்குச் சோதனை வந்தது. "அப்பா, பாத்ரூம்" என்றாள்.

பெண் குழந்தையோடு தனியாக வெளியே போகிற தகப்பன்மார்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கடம் இது. ஆண்கள் பக்கம் அவளை அழைத்துப் போக முடியாது. பெண்கள் பக்கம் நான் போக முடியாது. நான் திருதிருவென்று விழிப்பதைக் கவனித்துவிட்டு, எங்கள் வரிசையில் பேரனோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். சிவப்புக்கரை போட்ட வெள்ளைப் புடவை. தோளில் கட்சியின் துண்டு. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் அவரை 'மாஷிமா' என்றார்கள். சித்தி, பெரியம்மா மாதிரி ஒரு முறை. தம் பேரனை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, என் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். கால் மணியில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

அவருக்குத் தெரிந்த இந்தியையும் எனக்குத் தெரிந்த இந்தியையும் சேர்த்தால் அரை இந்தி தேறும். மிச்சத்தை ஆங்கிலத்தால் ஒட்டுப்போட்டுப் பேசினோம். அவருடைய தகப்பனார் பாரிசாலிலிருந்து வந்தவர். சியால்தா ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்திலேயே மாதக்கணக்கில் குடியிருந்தவர். வேலை கிடைத்ததும் வாரா வாரம் ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் பார்க்கப் போவாராம்.

"உங்களையும் அழைத்துக்கொண்டு போவாரா?" என்று கேட்டேன்.

"என்னையா? தம்பியைத்தான் அழைத்துப் போவார். நான் வாசலில் நின்று அழுவேன். திரும்பி வந்து தம்பிதான் எனக்கு ஆட்டத்தைச் சொல்லுவான். நான் முதன்முதலாக மைதானத்துக்குள் கால் வைத்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயசு. என் பிள்ளை அழைத்து வந்தான்."

நாற்பத்தெட்டு வயசு! தகப்பனார் கெட்டவர் இல்லை. நம் நண்பரைப் போல அவருக்கும் அக்கறை இருந்திருக்கும். அந்த அக்கறை ஒரு பெண்ணின் நாற்பது வருஷ சந்தோஷத்தைச் சாப்பிட்டுவிட்டது.

ஈரானில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆண்களின் கால்பந்தாட்டத்துக்குப் பெண்கள் போகக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தார்கள். 2019 அக்டோபரில்தான் டெஹ்ரானில் கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் பெண்களை டிக்கெட் கொடுத்து உள்ளே விட்டார்கள். அதைப் படித்துவிட்டு நாம் உச்சுக் கொட்டினோம். நாம் மட்டும் என்ன ஒழுங்கு? அவர்கள் தடை போட்டுத் தடுத்தார்கள். நாம் கழிப்பறை கட்டாமல் தடுக்கிறோம். வெளிச்சம் இல்லாத நடைபாதையாலும், ஆட்டம் முடிந்தபின் ஓடாத பஸ்ஸாலும் தடுக்கிறோம். அப்புறம், "பெண்களுக்கு விளையாட்டில் ருசி இல்லை" என்று தீர்ப்புச் சொல்கிறோம். மதுரையிலிருந்து போன சேது அணி 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்று வந்ததே. அந்தப் பெண்கள் எல்லாரும் வானத்திலிருந்தா குதித்தார்கள்? எங்கோ ஒரு மைதானத்துக்கு யாரோ ஒருவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

இரண்டாம் பாதி. ஆட்டத்தின் அறுபதாவது நிமிஷம். நந்தகுமாருக்குப் பந்து வந்தது. வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்தார்; இடது காலால் வளைத்து அடித்தார். வலை குலுங்கியதைப் பார்த்தேனா, கேட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. எழுந்த சத்தத்தில் காலரி அதிர்ந்தது. என் பெண் பெஞ்சின்மேல் ஏறி நின்று, "நம்ம ஊரு! நம்ம ஊரு!" என்று தமிழில் கத்தினாள். ஒருவருக்கும் புரியவில்லை, எல்லாருக்கும் புரிந்தது. முன்பின் தெரியாதவர்கள் அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்கள். மாஷிமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

"ஏன் அப்பா அழறாங்க? ஜெயிச்சாச்சே!"

நாலரை வருஷம். வரிசையாக எட்டு முறை மோகன் பகானிடம் தோற்றிருந்தார்கள். எட்டு முறையும் தோற்றுவிட்டு ஒன்பதாவது முறையும் பேரனை அழைத்துக்கொண்டு வந்திருக்கிறார் அந்த அம்மாள். பரீட்சையில் ஒரு மார்க்குக் குறைந்தால் வீட்டைச் சாவு வீடாக்குகிற நம்மைப் போன்ற பெற்றோருக்கு அந்தக் காலரியில் பாடம் இருக்கிறது. தோற்பதும் மறுபடி வருவதும் ஒரு பழக்கம், பழகினால்தான் வரும். ஒரு குழந்தை அதை எங்கே போய்ப் பழகும்? ட்யூஷன் வகுப்பிலா?

இரண்டாவது குற்றச்சாட்டு: காலரியில் பேசுகிற பேச்சு. பேசினார்கள், மறைக்கவில்லை. வங்காளி வசவு என் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்கும் முக்கால்வாசி புரியவில்லை. அதனால் தப்பித்தோம் என்று நான் வாதாடப் போவதில்லை. பின் வரிசைப் பையன்கள் இரண்டு பேர் எல்லை மீறியபோது மாஷிமா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பையன்கள் பெட்டிப் பாம்பாய் அடங்கினார்கள். கவனிக்க வேண்டிய விஷயம் இது. பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் இருக்கிற கூட்டம் தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது. "கண்டபடி பேசுகிற இடம், நாம் போகக்கூடாது" என்று நாம் ஒதுங்க ஒதுங்க, அந்த இடம் இன்னும் கண்டபடி ஆகிறது. பிறகு அதையே சாட்சியாகக் காட்டி மேலும் ஒதுங்குகிறோம். காலி செய்துவிட்டுப் போன வீட்டில் நரி புகுந்தது என்று புகார் சொல்கிற கதைதான்.

ஆனால் வெறி என்று ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். 1975-ல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் 5-0 என்று தோற்றது. அதைத் தாங்கமாட்டாமல் அந்தக் கட்சியின் ரசிகர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். ஒரு விளையாட்டுக்காக உயிரை விடுகிறவனைப் பார்த்து நான் பரவசப்பட மாட்டேன். அந்த வெறிக்கு மருந்து என்ன என்பதுதான் கேள்வி. திரும்பும்போது ரயிலில் அதைக் கொஞ்சம் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் எதிரில் பச்சை அரக்குச் சட்டை போட்ட ஒரு தகப்பனும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்கு எட்டு வயசு இருக்கலாம். சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தான். தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை. 'அழாதே' என்றுகூடச் சொல்லவில்லை. பையனின் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணுவதைப்போல ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அதுவரை துள்ளிக்கொண்டு வந்த என் பெண் சட்டென்று அமைதியானாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். கையில் கட்டியிருந்த சிவப்பு மஞ்சள் ரிப்பனை மெதுவாக அவிழ்த்து, சுருட்டி, பையில் போட்டுக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த ரிப்பனுக்காகவே ஒரு நாளைப் பாழாக்கலாம்.

இனி மூன்றாவது. உயிர்.

இதில் நண்பரை நான் கேலி செய்யமாட்டேன். எனக்கும் பயம் தெரியும். என் பெண்ணுக்கு ஆறு வயசாக இருக்கும்போது வேறோர் ஊரில், வேறோர் ஆட்டத்துக்கு அவளை அழைத்துப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். எட்டு வாசல் இருந்தது. ஒன்றைத்தான் திறந்திருந்தார்கள், அதிலும் ஒற்றைக் கதவை. ஆயிரக்கணக்கானவர்கள் கையில் டிக்கெட்டோடு அந்த ஒற்றைக் கதவை நோக்கி நகர்ந்தோம். பின்னாலிருந்து அழுத்தம் வந்தது. என் கால் தரையில் இருந்தும் நான் நடக்கவில்லை. கூட்டம் என்னை நடத்திற்று. பெண்ணைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். "இறக்கிவிடாதே அப்பா" என்றாள். அந்தச் சமயம் பார்த்துக் காவலர் ஒருவர் தடியை ஓங்கி, "ஆடு மாடு மாதிரி முட்டுறானுங்க பாரு" என்றார். எப்படியோ பக்கவாட்டில் நெளிந்து வெளியே வந்து, டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வீடு திரும்பினேன். அன்றிரவு என் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று எங்களை நசுக்கப் பார்த்தது எது? கூட்டமா? எட்டு வாசலில் ஏழைப் பூட்டி வைத்த கைதான். ஆடு மாடு என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் பட்டியில் அடைத்தார்கள்.

1980 ஆகஸ்டு 16-ஆம் தேதி ஈடன் தோட்டத்தில் நடந்ததும் எனக்குத் தெரியும். மைதானத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் மோதிக்கொண்டார்கள். காலரியில் ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள். நெரிசலில் பதினாறு பேர் இறந்தார்கள். கூட்டத்தின்மீது குற்றமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு கட்சிக்காரர்களையும் ஒரே காலரியில் கலந்து உட்கார வைத்துவிட்டு, போதிய காவலும் இல்லாமல் விட்டது யார்? கல்கத்தாக்காரர்கள் அந்த நாளை மறக்கவில்லை. வருஷா வருஷம் ஆகஸ்டு 16-ல் இறந்தவர்களின் நினைவாக இரத்ததானம் செய்கிறார்கள். மறுபடியும் மைதானத்துக்கு வருகிறார்கள். நாங்கள் போனது அந்தத் தேதிக்கு நாலு நாள் முன்பு.

1992 மகாமகத்தில் கும்பகோணத்தில் நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கப்புறம் 2004-ல் மகாமகத்துக்குப் போகவேண்டாம் என்று யாராவது சொன்னோமா? அதே கும்பகோணத்தில் 2004 ஜூலையில் பள்ளிக்கூடம் ஒன்று தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகினார்களே. "குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிய தகப்பனைச் சொல்ல வேண்டும்" என்று நண்பர் அன்று சொன்னாரா? தலைமை ஆசிரியர் அல்லவா அவர்? கூரை ஏன் கீற்றுக் கூரை, வழி ஏன் குறுகல் வழி என்றுதான் எல்லாரும் கேட்டோம். அது நியாயமான கேள்வி. மைதானம் என்றால் மட்டும் ஏன் அந்தக் கேள்வி நம் வாயில் வரமாட்டேன் என்கிறது? கோயிலும் பள்ளியும் அவசியம், ஆட்டம் அநாவசியம் என்ற எண்ணம்தான் காரணம். அநாவசியமான இடத்தில் சாகிறவன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்பது நம் ரகசிய சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் ஆடவேண்டிய அரையிறுதி. வெளியே நெரிசல் அதிகமானதும் போலீஸார் ஒரு பெரிய வெளிவாசலைத் திறந்துவிட்டார்கள். அதன் வழியாக வந்தவர்கள் ஒரு சுரங்க வழியில் இறங்கி, ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடு அடைப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. அங்கே திருப்பிவிட யாரும் இல்லை. முன்னால் உயரமான இரும்புக் கம்பிவேலி. ரசிகர்கள் களத்துக்குள் குதித்துவிடக் கூடாது என்று போட்ட வேலி அது. 97 பேர் இறந்தார்கள். பத்து வயசுப் பையன் முதல் அறுபத்தேழு வயசுக் கிழவர் வரை. இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு வந்த ஒரு தாயும் தகப்பனும் இரண்டு பெண்களையும் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. ரசிகர்களே வாசலை உடைத்தார்கள் என்று பொறுப்பிலிருந்த போலீஸ் அதிகாரி பொய் சொன்னார். குடித்துவிட்டு வந்தார்கள், பிணத்தின் ஜேபியில் கைவிட்டுத் திருடினார்கள் என்று ஒரு பத்திரிகை நாலாம் நாள் முதல் பக்கத்தில் போட்டது. வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அதைப் படித்த கனவான்கள், "கூட்டம் என்றால் அப்படித்தான்" என்று நம்பினார்கள். பெற்றவர்கள் விடவில்லை. வழக்கு, விசாரணை, மேல்விசாரணை என்று இருபத்தேழு வருஷம் போராடினார்கள். 2016 ஏப்ரலில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை.

2022 அக்டோபர் 1-ஆம் தேதி இந்தோனேசியாவில் மலாங் வட்டாரத்து மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் போலீஸார் கண்ணீர்ப் புகைக் குண்டுகளை எறிந்தார்கள். மைதானத்துக்குள் அதை உபயோகிக்கக் கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. மூச்சுத் திணறி வெளியேறப் பார்த்தவர்கள் குறுகின வாசல்களில் நசுங்கினார்கள். 135 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

இப்போது நண்பரின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். 'அழைத்துப் போன தகப்பனைத்தானே சொல்ல வேண்டும்?' அந்த இரண்டு பெண்களின் தகப்பனார் இருபத்தேழு வருஷம் எதை எதிர்த்துப் போராடினாரோ, அந்தப் பேச்சுத்தான் இது. கனிவான குரலில் சொன்னால் பேச்சு மாறிவிடுமா? வாசலைப் பூட்டினவன், வேலி போட்டவன், டிக்கெட்டை அளவுக்கு மீறி விற்றவன், புகைக் குண்டு எறிந்தவன் எல்லாரும் இந்த ஒரு வாக்கியத்தின் நிழலில் சௌகரியமாக ஒதுங்கிக்கொள்கிறார்கள். குற்றவாளிகளுக்கு வேறு வக்கீலே வேண்டாம். நம்மைப் போன்ற நல்லவர்கள் போதும்.

ஆகவே, குழந்தையை அழைத்துப் போகாதே என்பது பதில் ஆகாது. குழந்தையை அழைத்துப் போகிற மாதிரி மைதானத்தை வை என்பதுதான் பதில். எத்தனை வாசல் திறந்திருக்கிறது, குடிதண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, கூட்டம் வெளியேற எத்தனை நிமிஷம் ஆகும் என்று கேட்கத் தெரிந்தவர்கள் நாம்தான். மனு எழுதத் தெரிந்தவர்கள், பத்திரிகைக்குக் கடிதம் போடத் தெரிந்தவர்கள், சந்திப் பிழையைக்கூடப் பொறுக்காதவர்கள்! நாம் உள்ளே போய் உட்கார்ந்தால்தான் இந்தக் கேள்விகள் நம் வயிற்றில் பிறக்கும். வீட்டுக்குள் இருந்துகொண்டு, "ஐயோ, கூட்டம்!" என்கிறவனுக்கு ஒரு கேள்வியும் பிறக்காது.

அந்த வருஷம் செப்டம்பர் 3-ஆம் தேதி அதே இரண்டு கட்சிகளும் இறுதியாட்டத்தில் மறுபடி மோதின. நாங்கள் சென்னைக்குத் திரும்பிவிட்டோம். மோகன் பகான் 1-0 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டது. செய்தியைத் தயங்கித் தயங்கித்தான் என் பெண்ணிடம் சொன்னேன். முகம் வாடிற்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த ரயில் பையன் இன்னைக்குச் சிரிச்சிருப்பான், இல்லேப்பா?" என்றாள். பிறகு, "மாஷிமா அழுதிருப்பாங்க" என்றாள்.

நண்பருக்கு ஒரு பேரன் இருக்கிறான். பன்னிரண்டு வயசு. கெட்டிக்காரன். காலையில் கணக்கு ட்யூஷன், மாலையில் விஞ்ஞான ட்யூஷன், ஞாயிற்றுக்கிழமை இரண்டும். போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது என்னை மாடிப்படிக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போய், "மாமா, அந்த மாட்ச் எப்படி இருந்தது?" என்று ரகசியமாகக் கேட்டான். பாரிசால் அம்மாளின் தம்பி அவளுக்கு ஆட்டத்தைச் சொன்னதைப்போல நானும் அரைமணி நேரம் சொன்னேன். அவன் கண்ணைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சென்னையில் நேரு மைதானம் இருக்கிறது. அடுத்த பெரிய ஆட்டத்துக்கு நானும் என் பெண்ணும் போவோம். நாலு டிக்கெட் வாங்கப் போகிறேன். நண்பரே, பேரனை அழைத்துக்கொண்டு நீங்களும் வாருங்கள். வாசல் எத்தனை திறந்திருக்கிறது என்று இருவருமாக எண்ணிப் பார்ப்போம். குறைந்திருந்தால் மனுவை நீங்கள் எழுதுங்கள், பிழையில்லாமல் இருக்கும்.